வெளுத்த நீலம்

அரபியில் அவுரிச் சாயத்துக்கு ‘நீல்’ என்று பெயர். நம் ‘நீல’த்துக்கு உறவான அச்சொல், ‘அந்நீல்’ என ஸ்பெயின் சென்று ‘அஞில்’ ஆயிற்று. சொற்களின் பயணத்தில் இன்புறும் எனக்கு, அந்நீலம் தோய்ந்த ஜீன்ஸின் கதை துயரமே தந்தது.

ஜீன்ஸில் நீலம் பாவு நூலின் மேற்புறத்தில் மட்டுமே படிகிறது, உள்நூல் வெண்மையே. ஆதலால் தேயத் தேயத் துணி வெளுக்கும். என் தந்தையாரின் கைலி பல்லாண்டு உழைப்பில் வெளுத்தது. இன்றைய இளைஞருக்கோ வாங்கும்போதே வெளுத்திருக்க வேண்டும்! அதற்காகத் துருக்கிப் பட்டறைகளில் காற்றழுத்தத்தால் மணலைத் துணிமீது பீய்ச்சினர். அத்தூசியைச் சுவாசித்த இளந்தொழிலாளர் பலர் சிலிக்கோசிஸ் என்னும் தீரா நுரையீரல் நோய்க்கு இரையாயினர். 2009-இல் துருக்கி அம்முறையைத் தடை செய்தது.

மாற்று வழிகள் உள. லேசர் கதிர் மேற்சாயத்தை எரித்து நீக்குகிறது. மணலும் வேண்டா, பெர்மாங்கனேட் தெளிப்பும் வேண்டா. ஓசோன் வாயு குறைந்த நீரிலேயே வெளுக்கிறது. ஆயினும் அதைச் சுவாசித்தல் தீங்காதலின், மூடிய கலத்துள்ளேயே கையாள வேண்டும். செல்லுலேஸ் என்னும் நொதி, நுரைக்கல்லின் வேலையைக் கற்சேறு எஞ்சாமல் செய்கிறது. 2018-இல் லீவைஸ் நிறுவனமும் லேசர் முறையை விரிவாகக் கைக்கொள்வதாக அறிவித்தது.

பெருநாளுக்குத் துணியெடுக்கையில் விலை கேட்கும் நாம், ‘இஃது எவ்வாறு வெளுக்கப்பட்டது?’ என்றும் கேட்போமாக. விடை கிடையாதாயின் வெளுக்காத துணியையே வாங்குவோம். எவர் மூச்சையும் வாங்காமல், உடுத்த உடுத்த அது தானே வெளுக்கும்.