மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது?

இயற்கையைக் காக்கவேண்டும் என்ற குரல் இன்று உலகெங்கும் ஒலிக்கின்றது. தொழிற்சாலைகளும் தோட்டங்களும் பழைய முறைகளைக் கைவிட்டு, மண்ணையும் நீரையும் கெடுக்காத முறைகளுக்கு மாறவேண்டும் என்பதில் அறிவுடையோர் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆயினும் அம்மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது என்று கேட்போர் சிலரே. கேகாலை மாவட்டத்தின் கரவனெல்லப் பகுதியில் இறப்பர் மரங்களின் நிழலில் வளர்ந்த எனக்கு அக்கேள்வியைத் தவிர்த்துச் செல்ல முடிவதில்லை.

அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் வீதியில், களனி கங்கையை அடுத்துக் கிடக்கின்றது கரவனெல்ல. சுற்றியுள்ள குன்றுகளில் இறப்பர். யட்டியாந்தோட்டைப் பக்கம் ஏற ஏறத் தேயிலை. 1876இல் பிரித்தானியர் கொண்டுவந்து ஹெனரத்கொடைப் பூங்காவில் நட்ட கன்றுகளிலிருந்துதான் இந்நாட்டு இறப்பரின் கதை தொடங்குகின்றது. காட்டை அழித்து இறப்பர் நட்ட தொடக்ககாலத் துரைமார், மரத்தடியில் ஒரு புல்கூட நிற்கலாகாது என்றனர். சுரண்டியால் அப்புல்லைச் செதுக்கியவர்கள் எம் முன்னோர். புல்லோடு மேல்மண்ணும் போயிற்று. மழைதோறும் குன்றின் வளம் கரைந்து ஆற்றில் இறங்கியது. இழப்புக் கண்ணுக்குத் தெரிந்த பின்னரே விஞ்ஞானிகளின் சொல் எடுபட்டது. பியூராரியா போன்ற கொடிகளை இளமரங்களுக்கிடையே படரவிட்டால் அவை மண்ணைப் பற்றி நிற்கும். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை உரமாக்கும். இம்முறை பரவச் சில பத்தாண்டுகள் பிடித்தன. சோதித்துப் பார்த்து, பலன் கண்டு, கைப்பழக்கமாகிய மாற்றம் அது. ஆகவே இன்றும் நிலைத்து நிற்கின்றது.

இதற்கு நேர்மாறான கதையும் எம் கண்முன்னே நடந்தேறியது. 2015இல் கிளைபோசேற் என்னும் களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. பின்னர் 2021 மே மாதத்தில், இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தப்பட்டது. மண்ணின் நலம் என்று காரணம் கூறப்பட்டது. அந்நியச் செலாவணி வற்றிப்போயிருந்ததும் அதே காலத்தில்தான். போதிய சேதன உரம் இருக்கவில்லை. உழவருக்குப் பயிற்சி இருக்கவில்லை. இடைக்கால இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடும் இருக்கவில்லை. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது நிலைமை கைமீறிவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. இறப்பர் மரங்களையோ 2019 முதலே ஒரு பூஞ்சண நோய் பீடித்து, இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தது.

அறிக்கைகளில் இவ்வீழ்ச்சி ஓர் எண்ணிக்கை. லயத்தில் அது உலையில் குறையும் அரிசி. என் சின்னம்மா தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவர். உரம் காணாத செடி துளிர்க்கவில்லை. நாளொன்றுக்கு எடுக்கவேண்டிய கிலோக் கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. 2022இல் ஒரு மாலை, “மருந்து அடிக்காம விட்டது நல்லதுதானே சின்னம்மா?” என்று கேட்டேன்.

“நல்லதுதான் தம்பி. அந்த மருந்த அடிச்சே ஒங்க சித்தப்பா கையெல்லாம் புண்ணாப் போச்சு. ஆனா இப்ப மலை காடாக் கெடக்கு; அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து பயந்து காலு வைக்கிறோம். அந்திக்குத் தராசுல போட்டா அரைப்பேருங்கிறாங்க. அன்னைக்கும் எங்க ஒடம்புதான், இன்னைக்கும் எங்க ஒடம்புதான்.”

அவர் தடையை எதிர்க்கவில்லை, நஞ்சை ஆதரிக்கவுமில்லை. நஞ்சு தெளிக்கப்பட்டபோதும் அது நிறுத்தப்பட்டபோதும், தம்மை ஒருவரும் கேட்கவில்லை என்பதே அவருடைய முறைப்பாடு.

கடல் கடந்தும் இப்போக்கைக் காணலாம். காடழித்த நிலத்தில் விளைந்த பொருளை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. அதில் அடங்கும் ஏழு பண்டங்களுள் இறப்பரும் ஒன்று. 2020 டிசம்பருக்குப் பின் காடு அழிக்கப்படாத நிலத்தில் விளைந்தது என்று, நிலத்தின் அமைவிடத்தை ஆள்கூறுகளால் காட்டி நிறுவவேண்டும். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் நாள் ஒருமுறைக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது. நோக்கம் நன்று. ஆனால் எண்ணிப் பாருங்கள்: பால் வெட்டும் மரம் நிற்கும் இடம் ஐரோப்பாவின் ஏடுகளில் பதிவாகும், விடியுமுன் எழுந்து அம்மரத்தில் பால் வெட்டுபவளின் லயக் காம்பராவுக்கோ தனி முகவரியும் இல்லை, உறுதிப்பத்திரமும் இல்லை. ஓரிரண்டு ஏக்கர் இறப்பரை நம்பி வாழும் சிங்களக் கிராமத்துச் சிற்றுடைமையாளருக்கும், அளவையும் ஆவணமும் தேடி அலையும் செலவு தலையில் விழும். தோட்டத்தாரும் நாட்டாரும் இவ்வகையில் ஒரே படகில் இருக்கின்றனர்.

இவ்வட்டாரத்தின் வரலாறு இதை முன்பே உணர்த்தியிருக்கின்றது. 1934இல் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி, நுளம்பு பெருகி, மலேரியா பரவியது. கேகாலை மாவட்டம் மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்டது. நோய் எல்லோரையும் தீண்டிற்று; பட்டினி கிடந்த உடல்களையே வாரிச் சென்றது. அந்நாளில் நிவாரணப் பணியில் இறங்கிய என். எம். பெரேராவை, 1936இல் ருவான்வெல்லை மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பினர். இயற்கையின் சீற்றமும் சமூகத்தின் அநீதியும் தனித்தனியானவை அல்ல என்பதை அம்மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

ஆகவே மாற்றம் வேண்டும். அதற்கு நியாயமான ஒழுங்கும் வேண்டும். விளைச்சல் குறையும் இடைக்காலத்தில் முழுப்பேர் உறுதிசெய்யப்படவேண்டும். கூட்டுரம் தயாரிப்பதும் கொடி நடுவதும் சம்பள வேலையாகக் கணிக்கப்படவேண்டும். புதிய முறையைத் தீர்மானிக்கும் மேசையில் தொழிலாளியும் சிற்றுடைமையாளரும் அமரவேண்டும். வீட்டு நிலத்துக்கு உரிமை கிடைக்கவேண்டும். தனதல்லாத மண்ணை ஒருவன் எத்தனை தலைமுறைக்குத்தான் பேணுவான்?

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கே வேலை காத்திருக்கின்றது. மருந்துப் புட்டியின் எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கிச் சொல்வதும், எந்த ஓடை எப்போது நிறம் மாறியது என்று முதியோரிடம் கேட்டுக் குறித்துவைப்பதும் சிறிய பணிகளல்ல. அக்குறிப்பேடுகள் நிறையும்போது, மேசையில் அமரப்போகும் தொழிலாளியின் கையில் சான்றும் இருக்கும்.