காயலிலிருந்து ஆற்றங்கரை வரை

காயல்பட்டினத்திலிருந்து மேற்கே ஆறுமுகநேரிக்கும், அங்கிருந்து வடக்கே ஆத்தூருக்கும் செல்லும் சாலையைப் பேருந்தின் சாளரம் வழியே எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். எனினும், அச்சாலையை உள்ளபடி அறிந்துகொண்டது என் நாற்பத்து நான்காம் வயதில்தான். அறிமுகம் செய்து வைத்தது ஒரு பழைய மிதிவண்டி. அதன்மீது என்னை ஏற்றி வைத்தது அச்சம்.

2023 மே மாதத்தில், சர்க்கரை நோயினால் என் மூத்த காக்காவின் கால்விரல்கள் இரண்டை அகற்ற நேர்ந்தது. அவரைக் காணச் சென்ற இடத்தில் நானும் இரத்தம் கொடுத்துப் பார்த்தேன். மூன்று மாதச் சராசரி 8.6 என வந்தது. வாப்பாவும் இந்நோயோடுதான் மறைந்தார்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்னும் நபிமொழியை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்குகிறவன் நான். அன்றிரவு என் வயிற்றைக் கண்டு எனக்கே நாணமாயிருந்தது.

மருத்துவர் மாத்திரையோடு வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் எழுதித் தந்தார். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் கூறும் குறைந்த அளவு அது. முழங்கால் வலியுள்ள எனக்கு, உடலின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்ளும் மிதிவண்டியே ஏற்றது என்றார்.

சுபுஹு தொழுகை முடிந்ததும் புறப்பட்டேன். முதல் நாள் உப்பளங்களைத் தாண்ட இயலவில்லை, கால்கள் நடுங்கின. பாத்திகளின் ஓரத்தில் வெண்மையாகக் குவிந்திருந்த உப்பைப் பார்த்தவாறே இளைப்பாறினேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பதும், நம் கருவாடும் ஊறுகாயும் அந்த வரம்பை எளிதில் கடத்திவிடும் என்பதும் அப்போதுதான் நினைவில் உறைத்தன. இருக்கை தாழ்ந்திருந்ததே பாதி வலிக்குக் காரணம் என்று மிதிவண்டிக் கடைக்காரர் காட்டினார். மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்குமாறு அதை உயர்த்தித் தந்தார்.

செப்டம்பரில் ஆத்தூரை எட்டினேன். அகத்தியைப் பற்றிப் படரும் வெற்றிலைக் கொடிக்கால்கள், வாழைத் தோட்டங்கள், அவற்றுக்கப்பால் தாமிரபரணிப் பாலம். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்த 2023ஆம் ஆண்டில்தான். ஆற்றுக்கு வடக்கே முக்காணியும், அதனைக் கடந்தால் பழையகாயலும் உள்ளன. மார்க்கோ போலோ புகழ்ந்த காயல் துறைமுகம் அதுவே என்று கால்டுவெல் கருதினார். ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப்போன ஊர் அது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வது எத்தகைய துறையையும் தூர்த்துவிடும். உடலுக்கும் அதுவே விதி.

உணவிலும் அவ்வாறே சிறிது சிறிதாகவே மாற்றினேன். முதலில் தேநீரில் சீனி நின்றது. கருப்பட்டியானால் கேடில்லை என எண்ணியிருந்தேன். அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும் என்றறிந்து அதையும் விட்டேன். இரவு பரோட்டாவுக்குப் பதில் மீன் ஆணமும் காய்கறியும் சிறிதளவு சோறும் வந்தன. கல்யாணக் களறியில் சஹனைச் சுற்றி அமர்ந்தால் அளவு தெரியாது. ஆகவே, என் பக்கத்துச் சோற்றில் பாதியை முதலிலேயே அருகிலிருப்பவர் பக்கம் ஒதுக்கிவிடுவேன். "உஸ்தாதுக்கு என்ன கோபம்?" என்று கேலி செய்தவர்கள் பிறகு பழகிக்கொண்டார்கள். என் மனைவியும் மாலைதோறும் பெண்களுக்கான முடுக்குகளில் அரைமணி நேரம் நடக்கத் தொடங்கினாள்.

அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யார் மறப்பார்? ஒரே நாளில் எங்கள் ஊரில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. வீட்டிற்குள் வெள்ளம், சாலைகள் அரித்துப்போயின. ஒரு மாதத்திற்கு மேல் மிதிவண்டி அசையவில்லை. குறைந்திருந்த எடையில் இரண்டு கிலோ திரும்பி வந்தது. "எல்லாம் வீண்" என்று மனம் சோர்ந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் தயக்கத்தோடு ஆத்தூர் சென்றேன். எனக்கு முகப்பழக்கமான முதியவர் ஒருவர், கொடிகள் அழுகிப்போன தம் தோட்டத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், ரொம்ப நாளா ஆளைக் காணோம்?"

"விட்டுப்போச்சு அண்ணாச்சி. மறுபடியும் முதல்லேருந்து தொடங்கணும்."

"எனக்கும் அப்படித்தானே? கொடி போச்சுன்னு நிலத்தை விட்டுர முடியுமா?"

அன்று முதல் மீண்டும் தொடங்கினேன். ஓராண்டு கழித்து எடை 86 கிலோவிலிருந்து 78 ஆகவும், சராசரி 6.8 ஆகவும் இறங்கின. மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. மருத்துவரே அளவைக் குறைத்தார். மாத்திரை உண்போர் அவரைக் கேட்டே இதில் இறங்குதல் வேண்டும். மயக்கம் வந்தால் உதவ, சட்டைப் பையில் சிறிது இனிப்பும் வைத்திருத்தல் நலம்.

காக்கா இப்போது திண்ணையில் அமர்ந்து, நான் திரும்பும் நேரத்தை எதிர்நோக்கியிருக்கிறார். "இன்றைக்கு எதுவரைக்கும் போனே?" என்று கேட்பார். "ஆற்றங்கரை வரைக்கும் காக்கா" என்பேன். அவர் முகத்தில் தோன்றும் நிறைவுக்காகவே மறுநாளும் சக்கரத்திற்குக் காற்றடிக்கிறேன்.