பட்டியல் மிச்சம்

பழவேற்காட்டில் 1632 முதல் பத்து வருஷம் டச்சுக்காரர்களுக்குப் பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரொகேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணர் சொல்லக் கேட்டு எழுதியவர். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1651-ல், புத்தகம் லெய்டனில் வெளிவந்தது. காதால் சேர்த்தது தப்பித்துக்கொண்டது. அதே கரையில் தெற்கே, தரங்கம்பாடியில், 1706-ல் வந்திறங்கிய ஸீகன்பால்க் சேர்த்தது ஓலைச்சுவடிகள். அவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

உள்நாட்டுக்கு ஆள் அனுப்பி, பிராமண விதவைகளிடமிருந்தெல்லாம் சுவடி வாங்கினார். 1708-ல் அவற்றுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கிறிஸ்தவ, இஸ்லாமிய நூல்களைத் தள்ளிவிட்டால்கூட 119 தலைப்புகள். தொல்காப்பியம் இருக்கிறது, குறள் இருக்கிறது, சிவவாக்கியம் இருக்கிறது. தலைப்போடு நிற்காமல், நூல் என்ன சொல்கிறது என்று குறிப்பும் எழுதுகிறார். மறுப்பதற்காகப் படித்தவர்தான், ஆனால் படித்துவிட்டு எழுதினார். நம் மதிப்புரைகள் பலவற்றைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

1719-ல், 36 வயதில் இறந்தார். தொகுப்பு தொகுப்பாக நிலைக்கவில்லை. இதற்குத் தீயோ கொள்ளையோ வேண்டியதில்லை. நம் சீதோஷ்ணத்தில் ஓலையை மறுபடி மறுபடி பிரதி எடுத்தால்தான் உண்டு. பிரதி எடுக்க, அந்த நூல் இல்லாமல் முடியாது என்று நினைக்கிற ஒருவன் வேண்டும். விதவைகளின் வீட்டில் அவன் செத்துப் போயிருந்தான். மிஷனுக்கோ அந்த நூல்கள் எதிராளியைப் பற்றிய தகவல், அவ்வளவே. தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்சகம் வந்து 1715-ல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகிவிட்டது. அந்த 119-ல் ஒன்றுகூட அவர் காலத்தில் அங்கே அச்சேறவில்லை. குறள் அச்சைப் பார்த்தது 1812-ல். அச்சகமும் சுவடியும் ஒரே ஊரில், ஒரே மனிதர் கையில் இருந்தன என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

லெட்ஜர் இருந்து ரொக்கம் இல்லையென்றால் எங்கள் வங்கியில் ஆளை உள்ளே தள்ளிவிடுவார்கள். இங்கே லெட்ஜர் மட்டும் 1880-ல் ஜெர்மனியில் அச்சாயிற்று. 2012-ல் வில் ஸ்வீட்மன், இலக்குவன் இருவரின் உழைப்பில் ஆங்கிலத்தில், புதுச்சேரியிலிருந்து. புரட்டும்போது முதலில் வருவது துக்கமில்லை, பொறாமை: வந்திறங்கி இரண்டே வருஷத்தில் ஒரு மனிதர் இத்தனையைப் படித்திருக்கிறார்.