ஐந்து கிலோ இலை

ஜூன் 11

என் வீட்டுக்காரர் கழுத்தில் இருப்பது காசநோய்க் கட்டி இல்லையாம். ஹாட்ஜ்கின் லிம்போமா என்று எழுதியிருக்கிறது. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். டாக்டர் பேசியதில் பாதி என் காதில் ஏறவில்லை. ஏறியது ஒன்று: "இது குணமாகுற வகைம்மா. அதுக்காக லேசா எடுத்துக்காதீங்க."

ஜூன் 12

இவர் வழக்கம்போல ஒன்பது மணிக்கு ஒர்க் ஷாப்பைத் திறந்தார். நான் ஏழாம் வகுப்புக்கு நேர்விகிதம் நடத்தினேன்.

ஜூன் 14

தூக்கம் வரவில்லை. நடந்ததை வரிசைப்படுத்தி எழுதினால் கொஞ்சம் அடங்கும்.

பிப்ரவரியில் இடது காதுக்குக் கீழே நெறி கட்டியது. வலி இல்லை. வலி இல்லாததால் இவர் பொருட்படுத்தவில்லை. ராத்திரியில் பனியனைப் பிழியும் அளவுக்கு வியர்த்தது. ஃபேன் வேகம் போதவில்லை என்று கன்டென்சரை மாற்றினார். பேன்ட் தொளதொளத்தது, வேலை ஜாஸ்தி என்றோம். குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிப்பு, சோப்பை மாற்றினோம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் பக்கத்திலேயே கிடைத்துக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்த டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்தார். தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. "நம்ம ஊர்ல கழுத்துல கட்டின்னா முதல்ல டிபிதான்" என்று மாத்திரை எழுதினார். இரண்டு மாதம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, கட்டி மட்டும் வளர்ந்தது. அடுத்த டாக்டர் கணுவையே முழுசாக வெட்டி எடுத்து அனுப்பினார். இந்த நோயை ஊசி முனையில் வரும் துளியை வைத்துச் சொல்வது கடினம். முழுக் கணுவையும் பார்த்தால்தான் இரண்டு கண் விழித்த மாதிரி இரட்டைக் கரு கொண்ட அந்தப் பெரிய செல் அகப்படும். 1832-ல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் நோயை விவரித்தார். அந்தச் செல்லைத் தெளிவாக அடையாளம் காட்ட 1898-ல் ஸ்டெர்ன்பெர்க்கும் 1902-ல் டோரத்தி ரீட் என்ற பெண்ணும் வர வேண்டியிருந்தது.

முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு 1923-ல் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். சீதபேதி என்று மருத்துவம் பார்த்தார்கள், இருந்தது புற்றுநோய். அந்தச் சாவை அவர் மறக்கவே இல்லை. 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறில் ஆஸ்பத்திரி தொடங்கினார். பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு தங்கை கட்டிலில் கிடந்தாள் என்பது இன்று ராத்திரிதான் எனக்கு உறைக்கிறது.

ஜூன் 16

மகளிடம் இவரே சொன்னார். "ஆயில்ல அழுக்கு சேந்துருச்சு. கழுவி விடப் போறாங்க." அவள் கேட்டாள்: வலிக்குமா? முடி போயிருமா? செத்துருவீங்களா? இவர் வரிசையாகப் பதில் சொன்னார். வலிக்கும். போயிரும். சாகாம இருக்கத்தான் இந்த வேலையெல்லாம்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இவ்வளவு நேராகப் பேசியவர் என்னிடம் திரும்பி, "அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றார்.

அத்தை கோவில்பட்டிக்குத் தெற்கே ஊரில் தனியாக இருக்கிறார். மாமா தொண்டைப் புற்றுநோயில் போனபோது இவருக்கு 12 வயது. அடையாறுக்குக் கொண்டுபோனதைப் பையனிடம் "மெட்ராஸ்ல ஒரு சோலி" என்று சொல்லிவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் ஒரு சித்தப்பா பேச்சுவாக்கில் சொல்லித்தான் இவருக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனக்குறையைக் கேட்டு வருகிறேன். "உங்ககிட்ட மறைச்சது தப்புன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றேன்.

"அது வேற."

எப்படி வேறு என்று இவர் சொல்லவில்லை.

ஜூன் 21

பெட் ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை எல்லாம் ஆயிற்று. கழுத்திலும் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது, உதரவிதானத்துக்குக் கீழே இல்லை. வியர்வையும் எடை குறைவும் சேர்ந்ததால் 2-பி நிலை. ஏ.பி.வி.டி என்று நான்கு மருந்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. 1970-களில் இத்தாலியில் மிலான் நகர டாக்டர்கள் உருவாக்கிய கலவையை இன்றும் கொடுக்கிறார்கள். பழைய மருந்து என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. இவருக்கு முன்னால் எத்தனையோ பேர் இந்த வழியில் நடந்து போயிருக்கிறார்கள்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார், இன்னொரு குழந்தைக்கு யோசனை உண்டா, உண்டென்றால் கீமோவுக்கு முன்னால் விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்று. இவர் சட்டென்று வேண்டாம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி எடுக்கும்போது, "உனக்கு வேணும்னா சொல்லியிருக்கலாமே" என்றார். இரண்டு பேருக்கும் வேண்டாம்தான். ஆனாலும் வீடு வரும்வரை பேசாமல் வந்தோம்.

ஜூன் 27

முதல் ஊசி. ரத்தினச் சிவப்பில் ஒன்று, அதுதான் இதயத்தைப் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டியது. சிறுநீர் சிவக்கும், பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கடைசி பாட்டிலுக்கு மட்டும் கறுப்பு உறை, வெளிச்சம் பட்டால் கெட்டுவிடுமாம். அது ஏறும்போதுதான் கை எரிந்தது. வெந்நீர்ப் பையை வைத்து வேகத்தைக் குறைத்தார்கள்.

பக்கத்து பெட்காரரின் செல்போனில் ஒரு பைக் விளம்பரம் ஓடியது. "டைமிங் செயின் சத்தம் கேக்குது பாரு" என்றார் இவர்.

ஜூலை 1

காலையில் தலையணை உலர்ந்திருந்தது. இரண்டு பேரும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தோம்.

ஜூலை 6

வருகிறவர்கள் எல்லாம் ஒரு இலையோடு வருகிறார்கள். முள்சீத்தா இலைக் கஷாயம், பப்பாளி இலைச்சாறு, கோதுமைப்புல். என் பெரியம்மா மகன் யாருக்கோ கீமோ இல்லாமலே சரியானதாக ஒரு வீடியோவை அனுப்பிவிட்டு, நான் பார்த்தேனா என்று மூன்று தடவை போனில் கேட்டான். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் குணமாகக் கூடிய நோயாளியிடம் வந்து மருந்தை நிறுத்தச் சொல்வதை அன்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. "டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுக்கிறேன்" என்று எல்லோருக்கும் ஒரே பதில்.

இவருக்குத் தேவை வேறு. மலச்சிக்கல் தாங்க முடியவில்லை. அதுவும் மருந்தின் வேலைதானாம்.

ஜூலை 11

இரண்டாவது ஊசி. டே கேரில் அடுத்த பெட்டுக்கு விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டு அம்மா ஒருவர் மகனோடு வந்திருந்தார். பையனுக்கு இருபது வயது இருக்கும், ரத்தப் புற்றுநோய். நாமெல்லாம் குரலைத் தாழ்த்திச் சொல்வதை அவர் வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"ஒன் வீட்டுக்காரருக்கு என்ன தாயி?"

"கழுத்துல நெறி கட்டினதும்மா."

"இவனுக்கு ரத்தத்துல. ஊருக்கே தெரியும். தெரிஞ்சாத்தான தாயி, நா இங்ஙன இருக்கையில எவளாச்சும் எங்காட்டைப் பாப்பா?"

காட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். நித்யகல்யாணி. மானாவாரிதான், மழை பெய்தால் போதும். ஆடு மாடு கடிக்காது, வேலி வேண்டாம். ஆறு மாதத்தில் ஒரு தடவை இலை உருவுவார்களாம், பிறகு மறுபடி ஒரு தடவை. வருஷம் திரும்பியதும் செடியைப் பிடுங்கி வேரைத் தனியாக எடுப்பார்கள். காயவைத்துச் சாக்கில் கட்டினால் வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போவார். "எதுக்குன்னு கேட்டா வெளிநாட்டுக்குப் போகுதும்பாக. நாங்களும் வித்துட்டு வந்துருவோம்."

மருந்து மாட்ட வந்த சிஸ்டர் கையை நிறுத்தினார். "அம்மா, உங்க பையனுக்கு இப்ப ஏத்துறது அந்தச் செடிதான். வின்கிறிஸ்டின். இந்த அண்ணனுக்கும் அதுலதான் ஒண்ணு, வின்பிளாஸ்டின்."

அந்த அம்மா பாட்டிலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கேட்டது இதுதான்: "அப்ப எங்காட்டுலயிருந்து ஒரு கொத்து கொண்டாந்து அரைச்சுக் குடுத்தா ஆகாதா?"

சிஸ்டர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். பச்சையாகக் கொடுத்தால் விஷம், எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் அளக்க முடியாது, இவர்கள் அளந்து கொடுப்பதே எல்லையில்தான் இருக்கிறது.

"வெசந்தான். ஆடே கடிக்காதுல்ல" என்றார் அந்த அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் ஒரு வாரமாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லத் தெரியாமல் தவித்த விஷயம்.

ஜூலை 12

தாளில் இவருக்கு வின்பிளாஸ்டின் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்று படித்தேன். அப்படியானால் நேற்று இவர் கையில் ஏறியது 5 கிலோ இலை. ஆறு சுழற்சி, 12 ஊசி, 60 கிலோ. எத்தனை செடி, எத்தனை வெயில், எத்தனை பெண்களின் கை என்று கணக்கு நீண்டுகொண்டே போனது.

கண்டுபிடித்த கதை இன்னும் என்னை விடவில்லை. 1950-களில் ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். இலை கனடாவுக்குப் போயிற்று. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் இறங்கின, எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. தோற்றுப்போன சோதனை என்று தூக்கிப் போட்டிருக்கலாம். வெள்ளை அணுக்களை இப்படி இறக்கக் கூடியது, அவை கண்டபடி பெருகும் நோயில் உதவுமோ என்று அவர்கள் யோசித்தார்கள். 1958-ல் வின்பிளாஸ்டின் கிடைத்தது.

'கவுன்ட்' இறங்குகிறது என்று நான் தினமும் பயந்து சாகிறேன். மருந்தைக் கண்டுபிடித்ததே அது இறங்கியதால்தான்.

ஜூலை 18

ஷவருக்கு அடியில் நின்றவர் கை நிறைய முடியோடு வெளியே வந்தார். சாயங்காலம் ஒர்க் ஷாப் பையன் மெஷினைக் கொண்டுவந்து முழுசாக எடுத்துவிட்டான். மகள் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள்.

ஜூலை 23

ராத்திரி பதினொன்றே காலுக்கு 100.6. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் காலை வரை காத்திருக்காதீர்கள் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இவருக்கு நடுக்கம் இல்லை, இருமல் இல்லை. "ஒரு டோலோ போட்டுட்டுப் படுக்கிறேனே" என்றார். விடவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை மகளோடு படுக்கச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

எமர்ஜென்சியில் "கீமோ பேஷன்ட், காய்ச்சல்" என்று சொன்னதும் வரிசையில் நிறுத்தவில்லை. ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக் ஏறிவிட்டது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 400. காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறி காட்டக்கூட உடம்பில் அணுக்கள் இல்லை என்று இளம் டாக்டர் விளக்கினார்.

மூன்று மணிக்கு இவர் தூங்கினார். தூங்குவதற்கு முன், "அம்மா ஞாயித்துக்கிழமை போன் பண்ணும். சளின்னு சொல்லிரு" என்றார். சரி என்று தலையாட்டினேன். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு இதையெல்லாம் வாதாட முடியுமா?

ஜூலை 27

வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்த ஊசி ஒரு வாரம் தள்ளிப் போகிறது. அத்தை போன் செய்தார். சளி என்று சொன்னேன். "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, உனக்கும் சளியா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 4

ஊரில் அம்மன் கோயில் கொடை. கல்யாணமானதிலிருந்து இவர் போகாத கொடை இல்லை. ஒர்க் ஷாப்பில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். மேளச் சத்தத்துக்கு நடுவில் அத்தை போனில் கத்தினார்: "அப்படி என்னய்யா வேலை, ஆத்தாளைவிடப் பெரிய வேலை?"

இவர் ராத்திரி சாப்பிடவில்லை. குமட்டலால் இல்லை.

ஆகஸ்ட் 5

ரசம் உப்பு என்றார். நாக்கில் ருசி மாறிப்போயிருப்பது தெரிந்தும் கோபம் வந்தது, தட்டை எடுத்துப் போய்விட்டேன். இவர் வந்து சிங்க் ஓரத்தில் நின்றபடி அதையே சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 14

நான்காவது ஊசி. நரம்பு கிடைக்கவில்லை, கை முழுக்கக் கன்றிப்போய் இருக்கிறது. கரிசல்காட்டு அம்மாவின் பெட்டில் வேறு யாரோ. சிஸ்டரிடம் கேட்டேன், பையன் வார்டில் இருக்கிறான் என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25

பெட் ஸ்கேன். இரண்டு சுழற்சி முடிந்ததும் எடுக்கும் இந்தப் படம்தான் மீதியைத் தீர்மானிக்கும். 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 வரை இருந்தால் நல்ல செய்தி, நுரையீரலைத் தொந்தரவு செய்யும் பிளியோமைசினை விட்டுவிட்டு மற்ற மூன்றோடு தொடரலாம். 4, 5 என்றால் மருந்தை மாற்றுவார்கள். மதிப்பெண் குறைய வேண்டும் என்று டீச்சரான நானே வேண்டிக்கொள்கிறேன்.

கதிர்வீச்சுள்ள சர்க்கரையை ஏற்றியிருப்பதால் இன்று முழுக்க மகள் கிட்டே வரக் கூடாது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 110 நிமிடத்துக்கு ஒரு தடவை அது பாதியாகும், காலை பத்து மணிக்கு ஏற்றினார்கள், நீயே போடு என்றேன். பாதி, கால், அரைக்கால் என்று நோட்டில் போட்டுக்கொண்டே வந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு 64-ல் ஒரு பங்கு என்று கூவினாள். "ஒரு பங்குதானே, வரட்டுமா?" நாளைக் காலை என்றோம்.

நாளைக் காலை அத்தையும் வருகிறார். சொல்லாமல் கொள்ளாமல் கொடைப் பிரசாதத்தோடு பஸ் ஏற முடிவு செய்து, சாயங்காலம்தான் போன் செய்தார். ஏழரைக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட். ரிப்போர்ட் நாலு மணிக்கு மேல்.

"நீ போய்க் கூட்டிட்டு வா. வர்ற வழியில பக்குவமா சொல்லிரு" என்றார் இவர்.

"கூட்டிட்டு வரேன். சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"ரிப்போர்ட் வந்ததும் சொல்லலாமே. நல்லதா இருந்தா..."

"நல்லதா இல்லைன்னா?"

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். மாமாவைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினார். பிறகு, "சாப்பிட்டதும் சொல்றேன்" என்றார்.

வாசற்படியிலிருந்து மகள் கேட்டாள்: "காலைச் சாப்பாடா, மத்தியானச் சாப்பாடா?"