வாணியம்பாடிக்காரர் திறந்த சாளரம்

பாகாயத்தில் தமிழ் கற்பிக்கும் எங்களுக்கு மு. ஆனந்தகிருஷ்ணன் அயலார் அல்லர். 1928இல் வாணியம்பாடியில் பிறந்து, 2021 மே மாதம் கொரோனாவால் மறைந்த அப்பொறியியல் பேராசிரியரை, இலக்கியம் படித்தோரும் நினைக்கக் காரணம் உண்டு.

1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் அவர். பொறியியல் சேர்க்கையில் ஒற்றைச் சாளர முறை உருவானதில் அவர் பங்கு பெரிது. தரவரிசைப்படி அழைக்கப்பட்ட மாணவர், எக்கல்லூரியில் எத்தனை இடம் எஞ்சியுள்ளது என்பதைத் திரையில் கண்டு தாமே தேர்ந்தார். கணினி அங்கே கருவி மட்டுமே. சிபாரிசுக்கு இடமில்லாத விதிதான் உண்மையான மாற்றம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையும் அவர் முன்னின்று நடத்தினார். நிறுவனத்துக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்றிருந்த காலம் அது. ஒருவர் தட்டச்சு செய்த கட்டுரை மற்றவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். கருத்து வேறுபட்டோரை ஓரிடத்தில் அமர்த்திப் பொதுத்தரம் காண வைத்ததே அம்மாநாட்டின் பயன். தமிழ் 99 விசைப்பலகை அதன் விளைவு.

இன்று செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. குறுந்தொகை பற்றிய ஒப்படைப்பைக் கைப்பேசி நொடியில் எழுதித் தருகிறது. ஒரு துறை அதைத் தடை செய்கிறது, அடுத்த துறை கண்டுகொள்வதில்லை, மற்றொன்று ஊக்குவிக்கிறது. பழைய எழுத்துருக் குழப்பமே வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. தலைமையிடமிருந்து வருவதோ, இரவில் ஒரு சுற்றறிக்கை. காலையில் ஒரு புதிய செயலி. ஆசிரியரையோ மாணவரையோ யாரும் கேட்பதில்லை.

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் தாய் உழைக்க, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு இது சிறு செய்தியன்று. தானே எழுதிய தடுமாற்றமான பத்தி ஐந்து மதிப்பெண் பெற, இயந்திரம் எழுதியது ஒன்பது பெறுமானால், அவள் எதைக் கற்றுக்கொள்வாள்?

2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியபோது, கணினியில்லாத மாணவர்க்கென உதவி மையங்களும் அமைக்கப்பட்டன. அதுவே சரியான வரிசை. கருவியை வாங்குவது நிதிக்குழுவின் வேலை. கருவி வரும்போது யார் பின்தங்குவார் என முன்கூட்டியே எண்ணி, அவருக்கும் சேர்த்து விதி வகுப்பதே தலைமை. எங்கள் கல்லூரிகளில் அந்நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.