நாணயம்

காரைநகர் வணிகரை ஈன்ற மண். பொன்னாலைக் கடலைத் தாண்டித் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்த அம்மக்களுக்குக் கைம்முதலினும் பெரிய முதல் நாணயம். காசையும் சொற்பிழையாமையையும் ஒருங்கே குறிக்கும் சொல் அது. கடைக்காரனின் கணக்கில் ஐயம் பிறந்தால் அவன் ஏட்டை விரித்துக் காட்டிவிடலாம். அரசப் பதவியிலிருப்பவனின் ஏடோ அவன் கையில் இல்லை. பிறர் கையிலே இருப்பது.

ஆ. இராசா மீதான அலைக்கற்றை வழக்கு இதனை நன்கு காட்டும். 2008இல், அவர் அமைச்சராயிருந்த இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 122 உரிமங்களை 2001ஆம் ஆண்டு விலைக்கே வழங்கிற்று. 2010இல் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை, அரசுக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 1,76,000 கோடி ரூபா வரை இருக்கலாம் என்றது. அவ்வாண்டு நிகழ்ந்த மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தின் விலையை அளவுகோலாகக் கொண்டு ஊகித்த தொகை அது. வராத வருவாயேயன்றி எவரும் எடுத்த பணமன்று. ஆயின் தேநீர்க் கடைகளிலே ‘ஊகம்’ உதிர்ந்து போயிற்று. ‘இழப்பு’ ‘கொள்ளை’ ஆயிற்று. அத்தொகைக்கு எத்தனை பூச்சியம் என்று அறியாதாரும் தீர்ப்பளித்தனர்.

2011 பெப்ருவரி 2இல் கைதான இராசா பதினைந்து மாதங்களுக்கு மேல் திகார்ச் சிறையிலிருந்தார். 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் இரத்துச் செய்து, வழங்கிய முறை தன்னிச்சையானது என்றது. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. எனினும் பிழையான நிருவாகம் வேறு, மோசடி வேறு. மோசடிக்குத் தீய நோக்கம் நிறுவப்படல் வேண்டும்.

அது நிறுவப்படவில்லை என்பதே 2017 திசெம்பர் 21இல் சிறப்பு நீதிபதி ஓ. பி. சைனி கண்ட முடிபு. குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரும் விடுதலையாயினர். கோடை விடுமுறையிலும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, ஏழாண்டுகளாக, சட்டம் ஏற்கத்தக்க சான்றுடன் எவரேனும் வருவார் எனத் தாம் காத்திருந்ததாகவும் ஒருவரும் வரவில்லை எனவும் அவர் எழுதினார். ஒரு நீதிபதியின் எழுத்தில் இத்துணைச் சலிப்பைக் காண்டல் அரிது.

வழக்கு நடக்கையில், 2014இல், இராசா நீலகிரியிலே தோற்றார். 2019இலும் 2024இலும் அங்கேயே வென்றார். வாக்காளர் ஒருவாறு தம் கணக்கைத் தீர்த்தனர் எனலாம். ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்களையுடைய அத்தீர்ப்பைப் படித்தவர் சிலரே. பழைய தொகையோ ஒரு தலைப்புவரிக்குள் அடங்கியது, இன்றும் பலருக்கு மனப்பாடம். 2024 மார்ச்சு மாதம் தில்லி உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் மேன்முறையீட்டை விசாரணைக்கு ஏற்றது. ஏடு மறுபடியும் பிறர் கையிலே விரிந்தது.