ஜார்ஜின் பேக்கப்

2019 ஜனவரி 1 அன்று ஹவாய் ஆய்வகத்தில் ஜார்ஜ் செத்துப்போனது. வயது சுமார் 14. அகாட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்ற மரநத்தை இனத்தில் நமக்குத் தெரிந்த கடைசி உயிர். ஒரே உடலில் ஆண், பெண் இரண்டும் உண்டு. ஆனாலும் குட்டி போட இணை வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை.

1955இல் ராட்சத ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க ஃபுளோரிடாவிலிருந்து ஓநாய் நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது உள்ளூர் நத்தைகளைத் தின்ன ஆரம்பித்தது. சிரிக்க முடியவில்லை. சின்னப் பிழையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்த சிஸ்டத்தையும் படுக்கவைத்தவன் நான்.

எனக்கு பேக்கப் இருந்தது. அரை மணி நேரத்தில் தப்பித்தேன். ஜார்ஜுக்கும் இருக்கிறது: 2017இல் பாதத்தில் வெட்டியெடுத்த 2 மில்லிமீட்டர் சதை, சான் டியாகோவில் உறைந்து கிடக்கிறது. ரிஸ்டோர் பண்ணத்தான் யாருக்கும் தெரியாது.

மிச்சமிருக்கும் மரநத்தை இனங்களுக்கு இப்போது காட்டில் வேலி போடுகிறார்கள், ஓநாய் நத்தை ஏறி வராதபடி.